முலாம் பூசிய பேனாவும் மைக்கறையும்

நம் வீடுகளில் வருஷத்தில் இரண்டு தடவை பேனாவுக்குப் பூஜை நடக்கிறது. ஊர் வழக்கப்படி நவராத்திரியில் சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கி, மேலே பட்டுத்துணி விரித்து, பேனாவையும் பென்சிலையும் வைத்துவிட்டால் அன்று முழுவதும் படிப்புக்கும் எழுத்துக்கும் லீவு. கல்கத்தாவில் குடியேறிய நமக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வசந்த பஞ்சமியன்று தெருவுக்குத் தெரு சரஸ்வதி சிலை வைத்து, மண் மைக்கூட்டில் பாலை ஊற்றி, நாணல் எழுதுகோலை அதன் பக்கத்தில் வைக்கிறார்கள் வங்காளிகள். நம் குழந்தைகளும் மஞ்சள் உடுத்தி அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

பூஜைக்கு வைக்கிற பேனாவைத் துடைத்து வைக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்புதானே? அந்தத் துடைத்தலில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பிழையைச் சொல்வதோடு, அது ஏன் பிழை, சரியான வழி எது என்பதையும் பிறகு தேடித் தெரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

என் தகப்பனார் 1981-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, அலுவலக நண்பர்கள் சேர்ந்து தங்க முலாம் பூசிய மூடி போட்ட ஒரு வெளிநாட்டுப் பேனா வாங்கிக் கொடுத்தார்கள். மூடியில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் ஓய்வு பெற்ற தேதியும் பொறித்திருந்தன. 13 வருஷம் தினமும் அதிலேதான் எழுதினார். ஊருக்குக் கடிதம், பால் கணக்கு, எல்லாம் அதிலேதான். 1994 சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், வீட்டுக் குத்துவிளக்குகளைப் புளியும் பித்தளைப் பொடியும் போட்டு நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அந்தப் பேனா கிடந்தது. மூடியின் விளிம்பிலே நீலக்கறை, பொறித்த எழுத்துகளுக்குள்ளே பச்சையாக ஏதோ அழுக்கு. விளக்கோடு விளக்காக அதையும் தேய்த்துவிட்டேன்.

அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. ஒரு மாதத்தில் மூடி திட்டுத் திட்டாகப் பழுப்பேறிவிட்டது. பொன்னிறத்தில் கருகருவென்று தெரிந்த எழுத்து, பழுப்பிலே பழுப்பாகக் கலந்துபோச்சு. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "விளக்கு உள்ளேயும் வெளியேயும் பித்தளைடா. இது அப்படி இல்லே, மேலே போட்டிருக்கறது வெறும் சட்டைதான்" என்றார். இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய பாதி அந்த ஒரு வார்த்தையிலேயே இருக்கிறது.

சட்டை எவ்வளவு கனம்?

கவரிங் வளையலைப் பெண்கள் யாரும் புளி போட்டுத் தேய்ப்பதில்லை. தேய்த்தால் சாயம் வெளுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். முலாம் பூசிய பேனாவும் அதே ஜாதிதான். உள்ளே பெரும்பாலும் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதன்மேல் மின்சாரத்தின் உதவியால் தங்கத்தையோ குரோமியத்தையோ வெள்ளியையோ படிய வைத்திருப்பார்கள்.

மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 50 முதல் 100 மைக்ரான். சாதாரணப் பேனாக்களில் பூசும் தங்கம் பல சமயம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. வெள்ளைப் பளபளப்பாகத் தெரிகிற குரோமியமும் அரை மைக்ரான் அளவில்தான். அதற்கடியில் இருக்கிற நிக்கல் பூச்சுதான் கொஞ்சம் கனமானது. மெருகுப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு சின்ன அரம். விளக்கில் அது எத்தனை வருஷம் அராவினாலும் அடியிலும் பித்தளையே வரும். பேனாவில் சில நிமிஷத்தில் சட்டை கிழிந்துவிடும்.

எல்லா உலோகப் பேனாவும் முலாம் பூசியது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எவர்சில்வர் மூடி முழுவதும் ஒரே உலோகம். நிப்பின்மேல் 14 காரட் என்றோ 585 என்றோ முத்திரை இருந்தால் அந்த நிப் முழுவதுமே தங்கக் கலவை. 585 என்பது ஆயிரம் பங்கில் 585 பங்கு தங்கம் என்று பொருள். ரோல்டு கோல்டு என்று பொறித்த மூடிகளில், தங்கத் தகட்டைப் பித்தளையோடு சேர்த்து அழுத்தி உருட்டியிருப்பார்கள். அது மின்முலாமைவிடப் பல மடங்கு கனமானது. எந்த முத்திரையும் இல்லாமல் பொன்னிறம் மட்டும் இருந்தால் மெல்லிய முலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மையில் என்ன இருக்கிறது?

கல்கத்தாவுக்குப் புதிதாக வந்த தமிழர்கள் யாதவ்பூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் "சுலேகா மோர், சுலேகா மோர்" என்று கூவுவதைக் கேட்டு, இங்கே மோர்கூட விற்கிறார்களே என்று நினைத்ததுண்டு. மோர் என்றால் வங்காளியில் முச்சந்தி, தெருமுனை. சுலேகா என்பது மை. 1934-ல் சுதேசி உணர்வில் தொடங்கிய அந்த மைக் கம்பெனியின் ஆலையால் அந்த முனைக்கே பெயர் வந்தது. 1980களின் இறுதியில் மூடிப்போன கம்பெனி, பின்னர் மறுபடி உயிர்பெற்று, 2020-ல் மீண்டும் பேனா மைப் புட்டிகளை வெளியிட்டது. சத்யஜித் ராயின் ஃபெலூடா கதைகளில்கூட இந்த மைக்கு இடம் உண்டு.

நாம் வழக்கமாக ஊற்றுகிற நீல மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதிலே கரைந்த செயற்கைச் சாயம் கொஞ்சம், பூஞ்சை பிடிக்காதிருக்க மருந்து கொஞ்சம். தண்ணீரிலே கரைந்து வந்த சாயம் தண்ணீரிலேயே கரைந்து போகும். காய்ந்து பல வருஷமானாலும் இது பெரும்பாலும் பொருந்தும். நேரம்தான் அதிகமாகும்.

இன்னொரு வகை, பழைய பாணி நீலக்கருப்பு மை. நம் பக்கத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியது பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கலாம். கடுக்காயிலோ மாசிக்காயிலோ உள்ள துவர்ப்புச் சத்து, அன்னபேதி என்கிற இரும்பு உப்போடு சேர்ந்து, காற்று பட்டதும் கறுக்கிறது. மேல்நாட்டில் பத்திரங்களுக்குப் பயன்பட்ட மையும் இந்த ரசாயனமே. இந்த மை அமிலத் தன்மை உள்ளது. காய்ந்தபின் தண்ணீரில் எளிதில் கரையாது. பித்தளையையும் மெதுவாக அரிக்கும். அந்தக் காலத்தில் நல்ல பேனாவுக்குத் தங்க நிப் போட்டதில் இதற்கும் பங்கு உண்டு, தங்கத்தை இந்த அமிலம் தொடுவதில்லை.

மூன்றாவது, படம் வரைகிற கறுப்பு மை. அதிலே கரியும் அரக்கும் சேர்ந்திருக்கும். அதைப் பேனாவில் ஊற்றவே கூடாது. காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது.

கறையா, களிம்பா, இழப்பா?

நான் செய்யத் தவறியது இதைத்தான். தேய்ப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று, கண்ணில் படுவது எது என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியின் முனையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கறைமேல் அரை நிமிஷம் அழுத்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம்.

துணியில் நீலமோ கறுப்போ ஒட்டினால் அது மை. கவலையே இல்லை, போய்விடும்.

துணியில் ஒன்றும் ஒட்டாமல், பேனாவில் பச்சை அல்லது நீலப்பச்சைப் பொருக்கு தெரிந்தால் அது களிம்பு. மை அல்ல. செம்பு கலந்த உலோகத்தின்மேல் ஈரமும் அமிலமும் வியர்வை உப்பும் சேர்ந்து உண்டானது. மூடியின் உள்விளிம்பு, கிளிப்பின் அடி, பொறித்த எழுத்துக்குள் என்று இந்த இடங்களில்தான் முதலில் வரும். எழுத்து பொறிக்கிறவர் ஊசியால் கீறும்போது முலாமைக் கிழித்துக்கொண்டு பித்தளை வரை போய்விடுகிறார். அந்தக் கீறலுக்குள் மை புகுந்தால் கேட்க வேண்டுமா?

விளிம்புகளில் மட்டும் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ தெரிந்து, விரலால் தேய்த்து முகர்ந்தால் செப்புக்காசு வாசனை வந்தால், அங்கே முலாம் போய்விட்டது என்று அர்த்தம். இது கறையே அல்ல. இதைத் தேய்த்தால் ஓட்டை பெரிதாகும், அவ்வளவுதான்.

வெள்ளி முலாமில் வருகிற கறுப்பும் மையல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்த விளைவு. பேனாக்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரப்பரில் கந்தகம் உண்டு. ரப்பர் பட்ட இடத்தில் வளையமாகக் கறுத்திருக்கும்.

கடைசியாக, முலாம் பூசிய நிப்பின் முதுகில் மை மெல்லப் படர்ந்து நிற்பதைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள். வெடிப்பிலிருந்து மை மேலேறிப் பரவுவது பல நிப்புகளுக்குச் சுபாவம். துடைத்தால் போகும், எழுதினால் மறுபடி வரும். அதனோடு சண்டை போட வேண்டாம்.

முதல் மருந்து தண்ணீர்

மை என்று உறுதியானால் இப்படிச் செய்யுங்கள்.

பேனாவைக் கழற்றி, மிச்ச மையைக் கொட்டிவிடுங்கள். தானாகக் கழலாத எதையும் பலவந்தமாகத் திருக வேண்டாம். கிளிப்பை நெம்ப வேண்டாம். ஒரு டம்ளரில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பு ஒரே ஒரு சொட்டு விடுங்கள். எலுமிச்சை, வினிகர் சேர்த்த வகை வேண்டாம், மிதமானதே போதும். வெந்நீர் கூடவே கூடாது. பழைய பேனாக்களின் ரப்பர்ப் பையும் இணைப்புக்குப் போட்ட அரக்கும் சூட்டில் இளகும். எபோனைட் உடல் நிறம் மாறிவிடும்.

பழைய வேஷ்டித் துணி கிடைத்தால் அதைவிட உசத்தி வேறில்லை. அதை அந்தத் தண்ணீரில் நனைத்து, கறைமேல் சுற்றிப் பத்து நிமிஷம் விட்டு, பிறகு நீளவாக்கில் மெல்ல ஒற்றி எடுங்கள். துணியின் பக்கத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கோடு, பூவேலை, எழுத்துப் பொறிப்பு இருக்கிற இடத்தில் பஞ்சுக் குச்சியோ குழந்தைகளின் மிருதுவான டூத்பிரஷ்ஷோ போதும். ஊசி, ஊக்கு, பிளேடு பக்கத்திலேயே வரக்கூடாது.

மூடிக்குள் தனிக் கவனம் வேண்டும். பல உலோக மூடிகளின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குப்பி இருக்கும். அதற்கும் உலோகத்துக்கும் இடையே மை தங்கியிருந்தால், எத்தனை தடவை வெளியே துடைத்தாலும் விளிம்பிலே நீலம் கசிந்துகொண்டே இருக்கும். மூடியில் முக்கால் அளவு தண்ணீர் விட்டு, விரலால் மூடிக் குலுக்கி, கொட்டி, தெளிந்த தண்ணீர் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ராத்திரி முழுக்க ஊறப்போட்டு வைக்க வேண்டாம். முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே ஈரம் பித்தளைக்கு இறங்கும். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு இரண்டு தடவை, மூன்று நாள் என்று பொறுமையாகச் செய்தால் பெரும்பாலான நீலக்கறை போய்விடும்.

கடைசி அலம்பலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் தேவை. அடுக்குமாடி வீடுகளில் வருகிற ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்பும் உப்பும் இருக்கலாம். காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியோ பழுப்புப் புள்ளியோ தங்கிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் இதற்கு உத்தமம். புட்டியில் இருப்பது ஆசிட் அல்ல, தண்ணீர்தான் என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பிறகு துடைத்து, மூடியைக் கவிழ்த்து, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். வங்காளத்து மழைக்காலமானால் இரண்டு நாள்.

பிடிவாதக் கறை

மூன்று நாளாகியும் போகாமல் கறுப்பாகவே நின்றால் அது இரும்பு மையாக இருக்கக்கூடும். அதற்கு வைட்டமின் சி உதவும். சர்க்கரை சேராத 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அந்த நீரில் நனைத்த துணியைக் கறைமேல் இரண்டு நிமிஷம் வைத்து எடுங்கள். கறுத்துப்போன இரும்பைக் கரையக்கூடிய வடிவத்துக்கு அது திருப்புகிறது. உடனே நிறையத் தண்ணீரில் அலம்பிவிட வேண்டும். வைட்டமின் சி-தானே, எலுமிச்சம்பழமே போதுமே என்று கேட்கத் தோன்றும். எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி கொஞ்சம், சிட்ரிக் அமிலம் ஏராளம். முலாம் கிழிந்த இடத்தில் அது பித்தளையைப் பிடிக்கும்.

பேனா ரிப்பேர்க்காரர்கள் நிப்பையும் அதன் அடிநாக்கையும் சுத்தம் செய்ய நீர்த்த அமோனியா பயன்படுத்துவதுண்டு. காய்ந்த சாயத்தை அது நன்றாகவே கரைக்கும். ஆனால் அமோனியா செம்பையும் பித்தளையையும் தாக்கும் சரக்கு. முலாம் பூசிய மூடிக்கு அது வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

களிம்பானால், உலர்ந்த மரப் பல்குச்சியின் முனையால் பொருக்கை மட்டும் மெல்ல உதிர்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அடியில் கொஞ்சம் கறுப்பு நின்றால் நிற்கட்டும். பொறித்த எழுத்து கண்ணுக்குத் தெரிவதே அந்தக் கறுப்பினால்தான்.

செய்யக்கூடாதவை

புளி, பித்தளைப் பொடி, சாம்பல், சமையல் சோடா, டூத்பேஸ்ட் எதுவும் கூடாது. பேஸ்டில் இருப்பதும் தேய்க்கிற தூள்தான். வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறு போட்டுத் துலக்குவது நம் வழக்கம். முழு வெள்ளிக்கு அது தாங்கும், வெள்ளி முலாமுக்குத் தாங்காது.

துணிக்குப் போடுகிற பிளீச்சிங் திரவம் சாயத்தை வெளுக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அதிலுள்ள குளோரின் குரோமியத்தையும் எவர்சில்வரையும்கூடப் புள்ளி புள்ளியாக அரிக்கும். பிளீச்சையும் அமோனியாவையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூச்சைத் திணறடிக்கும் விஷவாயு உண்டாகும்.

நெயில்பாலிஷ் ரிமூவர் தங்கத்தை ஒன்றும் செய்யாது, பிளாஸ்டிக் பாகத்தைக் கரைத்துவிடும். 2020-க்குப் பிறகு வீட்டுக்கு வீடு கைசுத்தி திரவம் வந்துவிட்டதால் சிலர் அதையும் பேனாவில் தடவுகிறார்கள். பல பேனாக்களில் முலாமுக்கு மேல் கண்ணாடி போன்ற வார்னிஷ் பூச்சு ஒன்று உண்டு. ஆல்கஹால் அதை மங்கச் செய்யலாம். சட்டைப்பையில் ஒழுகிய பால்பாயிண்ட் மை எண்ணெய்ப்பசை உள்ளது, அதற்கு மட்டும் துணி முனையில் ஒரு சொட்டு ஆல்கஹால் தொட்டு, உலோகத்தின்மேல் மட்டும், வார்னிஷ் இல்லாத இடத்தில் ஒற்றலாம்.

வராமல் காப்பது

மை ஊற்றியதும் நிப்பையும் கழுத்தையும் துடைத்துவிட்டு மூடியைப் போடுங்கள். மூடிக்குள் கறை படிவதில் பெரும்பங்கு அப்போது துடைக்காமல் விட்ட மையால்தான். பேனாவை நிப் மேல்நோக்கி நிற்க வையுங்கள். மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரில் அலம்புங்கள். பல மாதம் எழுதப்போவதில்லை என்றால் மையைக் கொட்டிக் கழுவிக் காயவைத்துப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பழைய பேனாவுக்குக் கழுவினால் போகிற சாதாரண நீல மையே ஆயுள் தரும்.

அப்பா 2003-ல் காலமானார். அதற்குப் பிறகு ஒரு நாள் அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு பௌபஜாரில் முலாம் போடுகிற ஒருவரிடம் போனேன். மறுபடி தங்க முலாம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, போட முடியும், ஆனால் அதற்கு முன்னால் மூடி முழுவதையும் பாலிஷ் போட்டு மழமழப்பாக்க வேண்டும், இந்த எழுத்து நிற்காது என்று வெளிப்படையாகச் சொன்னார். புதுத் தங்கம் வேண்டுமா, பழைய எழுத்து வேண்டுமா என்பதுதான் கேள்வி. நான் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். பழுப்பேறிய மூடியில் அந்தத் தேதியை இன்றும் சாய்வெளிச்சத்தில் வாசிக்க முடிகிறது. பேனா நன்றாக எழுதுகிறது. இந்தக் கட்டுரையின் முதல் படியை அதிலேதான் எழுதினேன்.

உங்கள் வீட்டு மேஜை இழுப்பறையிலும் தாத்தாவின் பேனா, மாமாவின் பேனா என்று ஏதாவது ஒன்று கிடக்கும். வருகிற சரஸ்வதி பூஜைக்கு மூன்று நாள் முன்பே அதை எடுத்துப் பாருங்கள். நனைத்த வெள்ளைத் துணியை ஒரு தடவை ஒற்றிப் பார்த்து, கறையா களிம்பா என்று தெரிந்துகொண்டு, தண்ணீரில் அலம்பிக் காயவைத்து, அம்பாள் முன்னால் வையுங்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும்போது மட்டும் பேனாவைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.